சாயங்காலம் ஐந்தரை: போனும் கையுமாக இருக்கும் பிள்ளையை விளையாடக் கூட்டிவர ஒரு வழிகாட்டி

பத்து வயதிலிருந்து பதினேழு வயதுக்குள் ஒரு பிள்ளை வீட்டில் இருக்கிறது. பள்ளி விட்டு வந்ததும் பை ஒரு பக்கம், ஷூ ஒரு பக்கம். சோபாவில் சாய்ந்து போனை எடுத்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருக்கிறது. திட்டியாகிவிட்டது, பிடுங்கி வைத்தாகிவிட்டது, பாஸ்வேர்டு மாற்றியாகிவிட்டது. இனி என்ன செய்வது என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்பா அம்மாதான் செய்ய வேண்டும் என்றில்லை. அண்ணன், அக்கா, சித்தப்பா, அத்தை யாரும் செய்யலாம். திருச்சியில் எங்கள் காலனிப் பிள்ளைகளின் சாயங்கால ஆட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களில் நானும் ஒருவன். அங்கே கண்டதும் மருத்துவர்கள் சொல்வதும் சேர்ந்ததுதான் இது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: போனில் ஆரம்பிக்காதீர்கள். பெரும்பாலான வீடுகளில் முதல் வேலையே அதைப் பிடுங்குவதுதான். பிடுங்கிய பிறகு பிள்ளைக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. டிவி போடும், தம்பியை வம்புக்கு இழுக்கும். மூன்றாம் நாள் "ஹோம்வொர்க் வாட்ஸப்ல வந்திருக்கு" என்று போன் திரும்பக் கைக்கு வந்துவிடும். முதலில் ஆட்டத்துக்கு நேரம், இடம், ஆள் மூன்றையும் ஏற்பாடு செய்யுங்கள். போனுக்கான விதிமுறையை அப்புறம் பார்க்கலாம். வரிசையை மாற்றினால் சண்டைதான் மிஞ்சும்.

எவ்வளவு ஆட்டம், எவ்வளவு போன்?

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் அசைகிற வேலையோ ஆட்டமோ வேண்டும். வாரத்தில் குறைந்தது 3 நாள் நன்றாக மூச்சு வாங்குகிற ஆட்டமும், தசைக்கும் எலும்புக்கும் வலு தருகிற ஓட்டம், குதிப்பு போன்றவையும் அதில் இருக்க வேண்டும். மூச்சு வாங்குகிறதா என்று பார்க்கக் கைக்கடிகாரக் கருவியெல்லாம் வேண்டாம். ஆடிக்கொண்டே பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பு. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாமல் இரைத்தால் கடுமையானது. கேரமும் செஸ்ஸும் நல்ல ஆட்டங்கள்தான், ஆனால் இந்தக் கணக்கில் வராது.

60 நிமிடமும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்பதும் இல்லை. பள்ளிக்கு சைக்கிளில் போய் வருவது, பஸ் ஸ்டாப்புக்கு நடப்பது, பி.டி. பீரியட் எல்லாம் சேரும். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ் ஒன் படிப்பவர்களுக்கு அரசு இலவச சைக்கிள் தருகிறது. சில வீடுகளில் அந்த சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து நிற்க, பிள்ளை அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகிறது. அந்த சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்துக் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

போனுக்கு அளவு என்ன? இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021இல் சொன்னது இது: 2 வயதுக்குள் திரையே வேண்டாம், தாத்தா பாட்டியோடு எப்போதாவது வீடியோ கால் பேசலாம், 2 முதல் 5 வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, 5 முதல் 10 வரை இரண்டு மணி நேரத்துக்குள். பத்து வயதுக்கு மேல் அவர்கள் மணிக்கணக்கு சொல்லவில்லை. தூக்கம், படிப்பு, விளையாட்டு, சாப்பாடு, வீட்டாரோடு இருக்கும் நேரம் எதையும் திரை தின்றுவிடாமல் சமன் செய்துகொள்ளுங்கள் என்கிறார்கள். எனக்கு இது சரியாகப் படுகிறது. பதினைந்து வயதுப் பையன் போனில் கணக்குப் பாடம் பார்ப்பதையும், ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே இருப்பதையும் ஒரே தட்டில் வைத்து எடை போட முடியாது. தூக்கத்துக்கு மட்டும் எண் தெரிந்திருக்கட்டும்: 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம்.

முதல் படி: ஒரு வாரம் வேடிக்கை பாருங்கள்

இந்த வாரம் எந்தக் கட்டுப்பாடும் வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் டிஜிட்டல் வெல்பீயிங் என்று ஒன்று இருக்கும். ஐபோனில் ஸ்கிரீன் டைம். எந்த ஆப்பில் எவ்வளவு நேரம், ஒரு நாளில் எத்தனை முறை போனைத் திறந்தோம் என்று அதில் தெரியும். பிள்ளைக்குத் தெரியாமல் எடுத்துப் பார்க்காதீர்கள். கூப்பிட்டு உட்காரவைத்து, முதலில் உங்கள் போனைத் திறந்து உங்கள் கணக்கைக் காட்டுங்கள். எங்கள் காலனியில் ஒரு அம்மா அப்படிச் செய்தார். மகனுடைய நேரத்தைவிட அவருடையது அதிகம். பையன் விழுந்து விழுந்து சிரித்தான், அதற்குப் பிறகுதான் தன் போனை நீட்டினான்.

மொத்தம் எத்தனை மணி நேரம் என்பதைவிட எந்த நேரத்தில் என்பதைக் கவனியுங்கள். ஒரு தாளில் நாலரை மணியிலிருந்து பத்தரை வரை அரை மணிக்கு ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் பிள்ளை என்ன செய்கிறது என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். வேன், டிபன், போன், டியூஷன், டியூஷன், டியூஷன், போன், சாப்பாடு, போன். ஒரு வாரம் எழுதினால் ஒரு விஷயம் கண்ணில் படும். பிள்ளை போனை எடுப்பது பெரும்பாலும் இரண்டு வேலைகளுக்கு நடுவே கிடைக்கிற துண்டு நேரத்தில்தான். வேன் வந்து இறக்கிவிட்டதற்கும் டியூஷனுக்கும் நடுவே அரை மணி, டியூஷனுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே முக்கால் மணி. அந்த நேரத்தில் வேறு எதைச் செய்ய முடியும் என்று நாமே கேட்டுப் பார்த்தால் பதில் இருக்காது. விளையாட நேரமில்லாமல் செய்தது நாம், பழியை மட்டும் போன் சுமக்கிறது.

இரண்டாம் படி: வெளிச்சம் இருக்கும்போது ஒரு நேரம்

ஐந்தரையிலிருந்து ஆறரை என்று நான் சொல்வதற்குக் காரணம் வெளிச்சம். ஜூன், ஜூலையில் ஆறரைக்கும் பந்து கண்ணுக்குத் தெரியும். நவம்பர் கடைசியில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும். அப்போது ஐந்துக்கே தொடங்க வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் ஐந்துக்கு முன்னால் தரையில் கால் வைக்க முடியாது. லீவு நாட்களில் காலை ஆறிலிருந்து எட்டு வரைதான் சரி.

பகல் வெளிச்சத்தில் விளையாடுவதால் கண்ணுக்கும் லாபம் உண்டு. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டு மூன்று ஆண்டு கவனித்தார்கள். முடிவு 2015இல் வெளியானது. வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, வெளியே விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதம். ஏற்கெனவே கண்ணாடி போட்ட பிள்ளைக்குக் கண்ணாடி கழன்றுவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. கண்ணாடி போடாத தங்கைக்காவது பயன்படட்டும்.

குறுக்கே நிற்பது டியூஷன். நிறைய டியூஷன் சென்டர்களில் ஐந்து மணிக்கு ஒரு பேட்ச், ஏழு மணிக்கு ஒரு பேட்ச் இருக்கும். நேரே போய், "சார், பிள்ளையை ஏழு மணி பேட்சுக்கு மாத்திக் கொடுங்க, சாயங்காலம் விளையாட அனுப்பணும்" என்று கேளுங்கள். நாலைந்து பெற்றோர் சேர்ந்து கேட்டால் மறுக்க மாட்டார்கள். மாற்றவே முடியாது என்றால் வாரத்தில் டியூஷன் இல்லாத இரண்டு நாளையும் சனி, ஞாயிறையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு நாளும் வேண்டும் என்று அடம் பிடித்து ஒன்றுமே நடக்காமல் போவதற்கு நாலு நாள் நடப்பது மேல்.

மூன்றாம் படி: இடம்

அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. கீழே கார் பார்க்கிங், சுவரில் "இங்கு விளையாடக் கூடாது" என்று போர்டு, கேட்டில் வாட்ச்மேன். அசோசியேஷன் செயலாளரிடம் சண்டைக்குப் போகாமல் மூன்று உறுதிகளோடு போங்கள்: ஸ்டம்பர் என்கிற கெட்டிப் பந்து இல்லாமல் மெத்தென்ற ரப்பர் பந்துதான், ஆறரைக்கு மேல் இருக்க மாட்டார்கள், பெரியவர் ஒருவர் கூடவே இருப்பார். அவருக்கு உண்மையான பயம் கார் கண்ணாடிதான். சாயங்காலம் வேலைக்குப் போனவர்களின் கார்கள் வருவதற்கு முன் காலியாக இருக்கிற பக்கம் எது என்று பார்த்துவைத்துப் பேசினால் வேலை சுலபம்.

வெளியே தேடினால், மாநகராட்சி விளையாட்டுத் திடல்கள், பக்கத்துப் பள்ளி மைதானம், ஊரில் கோயில் திடல். பள்ளி மைதானத்துக்குத் தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். வாய்வார்த்தை அனுமதி ஆள் மாறினால் போய்விடும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டங்களில் விளையாட்டரங்கங்கள் நடத்துகிறது. திருச்சியில் அண்ணா விளையாட்டரங்கம், மதுரையில் ரேஸ்கோர்ஸில் உள்ள எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம், கோவையில் நேரு விளையாட்டரங்கம். பயிற்சியாளர் வைத்து முறையாகக் கற்க ஆசை இருக்கும் பிள்ளைக்கு அங்கே போய் விசாரியுங்கள். கோடை விடுமுறையில் பயிற்சி முகாமும் நடக்கும். கிராமத்தில் இருந்தால் ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். 2024இல் அரசு கிராம ஊராட்சிகளுக்கு கலைஞர் பெயரில் விளையாட்டு உபகரணத் தொகுப்பு கொடுத்தது. பீரோவில் பூட்டிக் கிடந்தால் கேட்டு வெளியே எடுக்கவைப்பது உங்கள் பொறுப்பு.

மொட்டை மாடி வேண்டாம். கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும், பந்து பின்னால் ஓடுகிற பிள்ளைக்கு அது கண்ணில் படாது. ஸ்கிப்பிங்குக்கு மட்டும் பரவாயில்லை.

நான்காம் படி: ஆள் சேர்ப்பது

ஒரு பிள்ளையைத் தனியாக "போய் விளையாடு" என்று வெளியே தள்ளினால் பத்து நிமிடத்தில் திரும்பி வரும். யாருமில்லாத திடலில் அது என்ன செய்யும்? இரண்டு பேரைக் கூப்பிடச் சொல்லுங்கள். மூன்று பேர் இருந்தால் ஆட்டம் உண்டு. கூப்பிடுவதற்குப் போனையே பயன்படுத்தட்டும். பசங்களே ஒரு வாட்ஸப் குரூப் தொடங்கி, ஐந்து மணிக்கு "யார் யார் வர்றீங்க" என்று கேட்டுக்கொள்ளட்டும். பந்து, பேட், ராக்கெட் எல்லாம் தினமும் தவறாமல் வருகிற பிள்ளையின் வீட்டில் இருக்க வேண்டும். கோபித்துக்கொண்டு வராமல் போகிற ஆள் வீட்டில் பந்து இருந்தால் அன்றைக்கு ஆட்டமே கிடையாது.

எத்தனை பேர் இருந்தால் என்ன ஆடலாம்? மூன்று, நாலு பேருக்கு ஷட்டில். வெளியில் காற்று இருக்கும், அதனால் இறகு ஷட்டிலை விட்டு நைலான் வாங்குங்கள். ஐந்தாறு பேருக்கு ஓடிப் பிடிக்கிற, ஒளிந்து பிடிக்கிற எந்த ஆட்டமும் சரி: ஐஸ்பாய், கல்லா மண்ணா, லாக் அண்ட் கீ. பதினாலு வயதுப் பையன் "இதெல்லாம் சின்னப் பசங்க ஆட்டம்" என்பான். சின்னப் பசங்களோடு அவனை ஒரு தடவை ஓடவிட்டால் பத்து நிமிடத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பான். எட்டுப் பேருக்கு மேல் சேர்ந்தால் கபடி, எறிபந்து. இன்னும் கூடினால் கோ-கோ. மண் தரை இல்லாமல் கபடி வேண்டாம், முழங்கால் தாங்காது.

கிரிக்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எந்தத் தெருவிலும் முதலில் தொடங்குவது அதுதான், முதலில் உடைவதும் அதுதான். நல்ல பேட் வைத்திருப்பவன் முதலில் காஜி (பேட்டிங்) எடுப்பான், அரை மணி நின்று அடிப்பான், அவுட் ஆனதும் "எங்கம்மா கூப்பிடுறாங்க" என்று கிளம்புவான். ஓசி காஜி அடித்தவன் என்று மற்றவர்கள் திட்டுவார்கள், மறுநாள் பாதிப் பேர் வர மாட்டார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவன் அடிக்க, ஒருவன் போட, மீதிப் பேர் நின்றுகொண்டே இருப்பார்கள். ஒரு மணி நேரம் ஆடியும் ஃபீல்டிங் செய்தவனுக்கு வேர்த்திருக்காது. எங்கள் காலனியில் மூன்று விதிகள் வைத்திருக்கிறோம். ஒருவருக்கு இரண்டு ஓவர்தான், அவுட் ஆகாவிட்டாலும் இறங்க வேண்டும். பேட்டில் பட்டால் ஓடியே ஆக வேண்டும். எல்லோரும் பந்து போட வேண்டும். பந்து எகிறிப் போகிறவனுக்குக் குறைந்த பந்துகளோடு முடிகிற பேபி ஓவர் உண்டு. பேட்டை எடுத்தவன் கடைசி வரை இருந்து ஸ்டம்பையும் எடுத்துவைக்க வேண்டும் என்பது பசங்களே சேர்த்துக்கொண்ட விதி. அதைச் சொல்லி ஒருவரை ஒருவர் மிரட்டுவதைக் கேட்க வேடிக்கையாக இருக்கும்.

ஆள் எண்ணிக்கை ஒற்றைப்படையில் வந்தால் ஒருவர் டபுள் சைடு, இரண்டு அணிக்கும் ஆடுவார். சின்னத் தம்பி, தங்கை அழுதுகொண்டு வந்தால் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவுட் கிடையாது, ரன்னும் கிடையாது, ஆனால் பந்தைப் பொறுக்க ஓடிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு மைதானத்தில் அதிகம் ஓடியது பெரும்பாலும் அந்தக் குழந்தையாகத்தான் இருக்கும்.

கிரிக்கெட்டை வாரம் இரண்டு நாளோடு நிறுத்தி, ஒரு நாளாவது கோ-கோ வையுங்கள். துரத்துகிற அணியில் 9 பேர் களத்தில். 8 பேர் குந்தியிருக்க ஒருவர் துரத்துவார். அத்தனை பேர் இல்லையென்றால் ஐந்து பேரை உட்காரவைத்து ஆடலாம், யாரும் கேஸ் போட மாட்டார்கள். இரண்டு நிமிடம் துரத்தினால் இரைக்கும், உடனே உட்கார ஓய்வு கிடைக்கும், மறுபடி எழுந்து ஓட வேண்டும். பழக்கமில்லாத உடம்புக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் எனக்குத் தெரிந்து இல்லை. செலவும் கிடையாது.

பெண் பிள்ளைகள் எங்கே?

பதினோரு வயது வரை ஓடியாடிய பெண் பிள்ளை பன்னிரண்டு, பதின்மூன்றில் மைதானத்திலிருந்து காணாமல் போகும். கேட்டால் "அவளுக்கு இஷ்டமில்லை" என்பார்கள். திடல் முழுக்க அண்ணன்மார் கிரிக்கெட் ஆடுகிறார்கள், ஓரத்தில் நாலு பேர் வண்டியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், கழிப்பறை இல்லை, "வயசுக்கு வந்த பிள்ளை என்ன குதிச்சுக்கிட்டு" என்று பக்கத்து வீட்டு ஆச்சி சொல்கிறார். இத்தனையையும் தாண்டி இஷ்டம் எங்கிருந்து வரும்? போனில் இருந்தால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

செய்யக்கூடியவை சில. வாரத்தில் இரண்டு நாள் திடல் பெண் பிள்ளைகளுக்கு என்று சத்தமாக அறிவித்துவிடுங்கள். பையன்கள் முணுமுணுப்பார்கள், பழகிவிடும். அந்த நாட்களில் இரண்டு அம்மாக்கள் அங்கே நிற்பதோடு விடாமல் ஆடவும் வேண்டும். எங்கள் காலனியில் எறிபந்துக்கு நைட்டிக்கு மேல் துப்பட்டா போட்டுக்கொண்டு வந்த அம்மாக்கள் இப்போது ட்ராக் பேன்ட் வாங்கிவிட்டார்கள். தளர்வான சுடிதாரில் கோ-கோ ஆட முடியாது, துப்பட்டா காலில் மாட்டும். ட்ராக் பேன்ட்டும் டி-ஷர்ட்டும் வாங்கிக் கொடுங்கள். மாதவிடாய் நாட்களில் ஆடக் கூடாது என்று மருத்துவம் சொல்லவில்லை. முடிந்தால் ஆடட்டும், வலி இருந்தால் உட்காரட்டும். முடிவு அவளுடையது. பக்கத்தில் எந்த வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே பேசிவைத்துவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும்.

ஐந்தாம் படி: முதல் இரண்டு வாரம்

இதுவரை ஓடாத பிள்ளையை முதல் நாளே ஒரு மணி நேரம் ஓடவிட்டால் மறுநாள் கால் வலியில் படுத்துவிடும், அதோடு சரி. இருபது நிமிடத்தில் தொடங்குங்கள். "இன்னும் கொஞ்சம்" என்று கேட்கும்போதே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். அடுத்த வாரம் முப்பது, அப்புறம் நாற்பது. முதலில் ஐந்து நிமிடம் வேகமாக நடை, கை கால் சுழற்றல். செருப்போடு ஓடவிடாதீர்கள், பள்ளி ஷூ பரவாயில்லை, கேன்வாஸ் இன்னும் நல்லது. தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும்.

வீசிங் உள்ள பிள்ளையும் ஆடலாம். மருத்துவரைக் கேட்டு, இன்ஹேலரைக் கூட நிற்கும் பெரியவர் பையில் வையுங்கள். ஓடும்போது மயக்கம் வந்திருந்தாலோ, நெஞ்சு வலி என்று சொல்லியிருந்தாலோ மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை அனுப்ப வேண்டாம்.

பருமனான பிள்ளை விஷயத்தில் கூட இருக்கும் பெரியவருக்கு ஒரு வேலை இருக்கிறது. "டேய் குண்டா" என்று ஒரு குரல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். வீட்டிலும் "ஓடினா இளைப்பே" என்று சொல்லி அனுப்பாதீர்கள். இளைக்கவில்லை என்று ஒரு மாதத்தில் நின்றுவிடும்.

சில பிள்ளைகளுக்குப் பந்தே பிடிக்காது. விட்டுவிடுங்கள். சைக்கிள், நீச்சல், சிலம்பம், நடனம், கடைக்கு நடந்து போய் அரிசிப் பையைத் தூக்கி வருவது எதுவானாலும் உடம்புக்குக் கணக்குதான். கூட்டமே ஆகாத பிள்ளைக்கு ஸ்கிப்பிங் கயிறு வாங்கிக் கொடுங்கள். கயிற்றின் நடுவில் மிதித்து நின்று மேலே இழுத்தால் பிடி அக்குள் உயரத்துக்கு வர வேண்டும், அதுதான் சரியான நீளம். இன்று எத்தனை தாண்டினேன் என்று சுவர் காலண்டரில் எழுதச் சொல்லுங்கள். போன் ஆட்டத்தில் ஸ்கோர் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு இது பிடித்துவிடும்.

ஆறாம் படி: இப்போது போன்

ஆட்டம் மூன்று நாலு வாரம் நிலைத்த பிறகு போனுக்கு வாருங்கள். அதற்குள் சாயங்கால நேரம் தானாகவே குறைந்திருக்கும். மீதியைப் பேசி முடிவு செய்யலாம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டம் இருக்க வேண்டும். அப்பா தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு மகனை அதட்டினால் அது எடுபடாது.

இரண்டு சட்டம் போதும். சாப்பிடும்போது யாரும் போன் எடுக்கக் கூடாது. இரவு ஒன்பதரைக்கு எல்லாப் போனும் ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜில் இருக்க வேண்டும். அலாரத்துக்குப் போன் வேண்டும் என்பார்கள். ஒரு அலாரம் டைம்பீஸ் வாங்கி வைத்துவிடுங்கள். இரண்டாவது சட்டத்துக்குத்தான் அதிக எதிர்ப்பு வரும். படுக்கையில் போன் இருக்கும் வரை தூக்கம் தள்ளிப்போகும். தூங்காத பிள்ளை மறுநாள் சாயங்காலம் விளையாட வராது, சோபாவில்தான் சாயும். அதனால் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

போனுக்குள் செய்ய வேண்டியவை சின்ன வேலைகள். யூடியூபில் அடுத்த வீடியோ தானாக ஓடுகிற ஆட்டோபிளேயை நிறுத்துங்கள். தேவையில்லாத ஆப்களின் நோட்டிஃபிகேஷனை அணையுங்கள். டிஜிட்டல் வெல்பீயிங்கில் ஒவ்வொரு ஆப்புக்கும் நேர வரம்பு வைக்கலாம். பிள்ளையே உட்கார்ந்து தனக்கு வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் வைத்தால் அதைத் தாண்டும் வழியைப் பள்ளியில் யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

கேம் ஆடுகிற பிள்ளையை நடு ஆட்டத்தில் எழுப்பாதீர்கள். ஃப்ரீ ஃபயர் மாதிரி ஆட்டங்களில் நாலு பேர் சேர்ந்து ஆடுவார்கள், ஒருவன் விட்டுவிட்டுப் போனால் மற்ற மூவரும் திட்டுவார்கள். "ஒரு மேட்ச் முடிச்சுட்டு வரேன்மா" என்பது பல நேரம் உண்மைதான். ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டுமென்றால் ஐந்து மணிக்குச் சொல்லிவிடுங்கள்: "புது மேட்ச் ஆரம்பிக்காதே."

கூலி பேசுவது வேண்டவே வேண்டாம். "ஒரு மணி நேரம் விளையாடினா ஒரு மணி நேரம் போன்" என்று சொன்னால் விளையாட்டு கசப்பு மருந்தாகவும் போன் அதற்கப்புறம் தரும் சர்க்கரையாகவும் ஆகிவிடும். அதேபோல் மார்க் குறைந்தது, தம்பியை அடித்தது என்று எதற்கும் "இன்னைக்கு விளையாடப் போகக் கூடாது" என்று தண்டிக்காதீர்கள். வேறு தண்டனை கண்டுபிடியுங்கள்.

மழையும் பரீட்சையும்

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, கூடவே அரையாண்டுத் தேர்வு. ஓடிக்கொண்டிருந்த பழக்கம் இந்த மூன்று மாதத்தில்தான் அறுந்து போகிறது. மழை நாளில் போர்டிகோவில் ஸ்கிப்பிங், அபார்ட்மென்ட் மாடிப்படியில் ஏறி இறங்கல், ஹாலில் சூரிய நமஸ்காரம் என்று இருபது நிமிடத்தையாவது காப்பாற்றுங்கள். மழை விட்ட மறுநாள் திடலில் புதர்ப் பக்கம் போன பந்தைப் பெரியவர் போய் எடுக்கட்டும், பாம்பு இருக்கும். கொசு நேரம், முழுக்கை சட்டை நல்லது.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகளைச் சுத்தமாக நிறுத்திவிடுவார்கள். "ஒரு வருஷம்தானே" என்பார்கள். அந்த ஒரு வருடத்தில் பிள்ளை படிப்புக்கு நடுவே கிடைக்கிற இடைவேளை முழுவதையும் போனில்தான் கழிக்கும். ஸ்பெஷல் கிளாஸ் ஆறு மணிக்கு முடிந்தால் பள்ளியிலிருந்து நடந்து வரட்டும். காலையில் படிக்க உட்காரும் முன் பதினைந்து நிமிடம் கயிறு தாண்டட்டும். விட்டுப்போனால் மார்ச், ஏப்ரலில் பரீட்சை முடிந்த மறுநாளே குரூப்பில் ஒரு செய்தி போடவையுங்கள். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் அந்த லீவு முழுக்கப் போனோடுதான் போகும்.

கை மீறிப் போனால்

நேரம், இடம், ஆள் எல்லாம் அமைத்தும் பிள்ளை அறையை விட்டு வரவில்லை, இரவெல்லாம் விழித்திருக்கிறது, பள்ளிக்குப் போக மறுக்கிறது, போனை வாங்கினால் பொருளை உடைக்கிறது, கையை ஓங்குகிறது என்றால் இந்தக் கட்டுரை அதற்குப் போதாது. கட்டுப்பாடில்லாமல் கேம் ஆடுவதை உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அது 2022இல் நடைமுறைக்கு வந்தது. படிப்பும் உறவும் கெடுகிற அளவுக்குப் பொதுவாக ஒரு வருடமாவது நீடிக்கிறதா என்று பார்த்துத்தான் மருத்துவர்கள் முடிவு செய்வார்கள். நாமாகவே பிள்ளைக்கு அடிமை என்று பட்டம் கட்ட வேண்டாம். சோர்வு, பயம், பள்ளியில் நடக்கும் கேலி என்று பின்னால் வேறு காரணமும் இருக்கலாம், அதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் ஷட் கிளினிக் நடக்கிறது. முதலில் பேசிப் பார்க்க வேண்டுமென்றால் மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.